வாழிடம் வேறு, முட்டையிடும் இடம் வேறு: பாறைக் கடற்பறவை சொல்லும் பாடம்



'விலங்குகளின் நீடுநிலவல்' பாடத்தை நடத்தும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கடற்பறவை எங்கே வாழ்கிறது? எங்கே முட்டையிடுகிறது?" பெரும்பாலான மாணவர்கள் இரண்டுக்கும் "கடலில்" என்று ஒரே பதிலை எழுதிவிடுவார்கள். புள்ளி போவது இங்கேதான். கடலில் முட்டை மிதக்குமா? கடற்பறவைகள் பொதுவாக முட்டையிடத் தரைக்கு வந்தே ஆகவேண்டும்.

என் வகுப்பில் பாறைப் பறவையின் படத்தைக் காட்டியபோது ஒரு தோட்டத்துப் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், மலாவாத்தி குன்ற விட்டா நம்ம ஊர்ல பாறையே இல்லையே. கடலோரம் முழுக்க சேறு. அப்ப இந்தப் பறவை நம்ம ஊருக்கு வந்தா எங்க கூடு கட்டும்?" நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வடகடல் பறவை

கிட்டிவேக் என்பது கடற்காக இனத்தைச் சேர்ந்த பறவை. 'கிட்டி-வேக்' என்று ஒலிக்கும் அதன் குரலே அதற்குப் பெயராகிவிட்டது. நோர்வே, ஐஸ்லாந்து, பிரிட்டன், கிரீன்லாந்து, அலாஸ்கா, ரஷ்யா ஆகியவற்றின் கடலோரங்களில் கூடு கட்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் கரையை விட்டுவிட்டு வட அட்லாண்டிக், வட பசிபிக் பெருங்கடல்களின் நடுவே போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும்.

ஆக, வாழிடம் திறந்த கடல். இனப்பெருக்க இடம் கடலோரச் செங்குத்துப் பாறை. இரண்டையும் பிரித்து எழுதப் பழகுங்கள்.

பாறை எதற்கு? நரி போன்ற விலங்குகளால் அங்கே ஏற முடியாது. ஆனால் ஓர் ஆபத்து போய், இன்னோர் ஆபத்து வருகிறது: விழுந்தால் உயிர் போய்விடும். இந்த இடத்துக்கு ஏற்றவாறு பறவையின் உடலும் நடத்தையும் எப்படி அமைந்துள்ளன என்பதை எஸ்தர் கல்லன் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் ஆராய்ந்து 1957-இல் வெளியிட்டார். தரையில் கூடு கட்டும் கடற்காகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும்:

1. கூடு: தரைக் கடற்காகத்தின் கூடு மேலோட்டமானது. கிட்டிவேக் சேற்றையும் புல்லையும் கொண்டுவந்து, மிதித்து இறுக்கி, குழிவான கூடு கட்டும். முட்டை உருண்டு விழாது.
2. குஞ்சின் நடத்தை: தரைக் கடற்காகத்தின் குஞ்சு ஆபத்து வந்தால் ஓடி ஒளியும். கிட்டிவேக் குஞ்சு அசையாமல் கூட்டிலேயே இருக்கும். ஓடினால் கடலில்தான் விழவேண்டும்.
3. குஞ்சின் நிறம்: தரையில் உள்ள குஞ்சுக்குப் புள்ளிபோட்ட மண் நிறம், ஒளிந்துகொள்ள உதவும். கிட்டிவேக் குஞ்சு வெண்சாம்பல் நிறம். ஒளிய வேண்டிய தேவை குறைவு.
4. முட்டை ஓடு: தரைக் கடற்காகம் உடைந்த ஓட்டை எடுத்துத் தூர எறியும், எதிரியின் கண்ணில் படக்கூடாதே! கிட்டிவேக் அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும்.
5. முட்டை எண்ணிக்கை: தரைக் கடற்காகம் பொதுவாக மூன்று இடும். கிட்டிவேக் பொதுவாக இரண்டு.

கவனியுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். இடம் மாறியதால் பழக்கமும் மாறியது.

நம்ம ஊர்ப் பாறைப் பறவை

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். கோலசிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் பக்கம் ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து 'கிச்கிச்' என்று ஒலி வந்துகொண்டே இருக்கும். அவை வாலிட் குருவி வீடுகள். தமிழில் இப்பறவை இனத்தை உழவாரன் என்பர்.

இதன் இயற்கையான இடம் குகைச் சுவர். தன் எச்சிலாலேயே சுவரில் கூட்டை ஒட்டி, இரண்டு முட்டை இடும். கிளையில் உட்கார அதன் கால்களால் முடியாது. சுவரைப் பற்றித் தொங்கத்தான் முடியும். பகல் முழுக்க செம்பனைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் மேலே பறந்து பூச்சி பிடிக்கும். வாழிடமும் கூடு கட்டும் இடமும் இங்கேயும் வேறுதான். குகை இல்லாத நம் ஊரில் இருட்டான கான்கிரீட் சுவரைக் குகையாக ஏற்றுக்கொண்டது. வடக்கே கிட்டிவேக்கும் இதையே செய்தது: இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் டைன் பாலத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் கூடு கட்டுகிறது. பறவைக்குத் தேவை செங்குத்தான, எதிரி ஏற முடியாத ஓர் இடம். அது பாறையா, பாலமா என்பது இரண்டாம் விஷயம்.

வந்து தின்று, போய் முட்டையிடும் விருந்தாளிகள்

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை ஒட்டிய சேற்றுவெளிகளில் வடக்கே குளிர்காலம் நிலவும் மாதங்களில் பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் இரை தேடும். இவை இங்கே முட்டையிடுவதில்லை. வடக்கே கோடை வந்ததும் திரும்பிப் போய் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். நோர்ட்மான் பச்சைக்காலி என்ற அரிய பறவை ரஷ்யாவின் தூரக் கிழக்கில், ஓகோட்ஸ்க் கடலோரப் பகுதியில் இனப்பெருக்கம் செய்கிறது. மலேசியாவின் மேற்குக் கரைச் சேற்றுவெளிகள் அதன் குளிர்கால இடங்களில் அடங்கும். அது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

இங்கேதான் பாடம் புத்தகத்தை விட்டு வெளியே வருகிறது. ஒரு பறவைக்கு இரண்டு வீடு என்றால், ஒன்றை அழித்தாலே போதும், இனம் போய்விடும். ரஷ்யாவில் கூட்டைக் காப்பாற்றி, இங்கே சேற்றுவெளியை மண் போட்டு மூடினால் என்ன பயன்? கிட்டிவேக்கின் பாறைகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் கடலில் இரைமீன் குறைந்ததால் பல இடங்களில் அதன் எண்ணிக்கை சரிந்தது. 2017 முதல் அது உலக அளவில் பாதிப்புக்குள்ளாகும் இனமாகப் பட்டியலில் உள்ளது.

தேர்வில் எப்படி எழுதுவது?

கேள்வி: பறவை செங்குத்துப் பாறையில் கூடு கட்டியிருப்பதைப் படம் காட்டுகிறது.

- உற்றறிதல்: பறவை செங்குத்துப் பாறையின் விளிம்பில் கூடு கட்டியுள்ளது.
- ஊகித்தல்: எதிரிகள் எளிதில் ஏற முடியாததால் முட்டையும் குஞ்சும் பாதுகாப்பாக இருக்கும்.
- நோக்கம்: தன் இன நீடுநிலவலை உறுதி செய்ய.

"பாறை அழகாக இருப்பதால்", "கடல் பக்கத்தில் இருப்பதால்" என்று மட்டும் எழுதினால் காரணம் முழுமையாகாது. உற்றறிதலில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். காரணத்தை ஊகித்தலில் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை: மாணவர்களிடம் மூன்று நிரல் அட்டவணை கொடுங்கள். பறவை, இரை தேடும் இடம், முட்டையிடும் இடம். லயத்தைச் சுற்றியும் பள்ளி வளாகத்திலும் ஒரு வாரம் பார்த்து நிரப்பட்டும். கூட்டைத் தொடாமல் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது நிரல் காலியாக இருக்கும் பறவைகள்தான் அடுத்த பாடம். "இது எங்கே போய் முட்டையிடுது டீச்சர்?" என்று அவர்களே கேட்பார்கள்.