பாலத்தைக் கடக்கும் முன்னே: இராமேசுவரம் செல்லும் நோயாளர்களுக்கும் உடன் செல்வோருக்கும்

சோழவந்தானிலும் அதைச் சூழ்ந்த வைகைக் கரை ஊர்களிலும் இராமேசுவரம் செல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஆடி, புரட்டாசி, தை ஆகிய மாதங்களின் அமாவாசை நெருங்கும்போது, "இராமேசுவரம் போய் வரலாமா?" என்னும் கேள்வியை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். கேட்பவர்களுள் பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோர் உண்டு. வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் உண்டு. மறைந்த பெற்றோருக்கு நீர்க்கடன் ஆற்ற விரும்பும் ஒருவரிடம் 'போகாதீர்கள்' என்று எளிதில் கூறிவிட இயலாது. பெரும்பாலோரிடம் அவ்வாறு கூற வேண்டிய தேவையும் இல்லை. ஆனால், செல்லும் இடம் ஒரு தீவு என்பதை நினைவில் கொண்டு ஆயத்தம் செய்ய வேண்டும். அந்த ஆயத்தம் முழுவதும் பாலத்தைக் கடப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

தீவு என்பதன் பொருள்

சோழவந்தானில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், மதுரையின் பெரிய மருத்துவமனைகளை ஒரு மணி நேரத்திற்குள் அடைந்துவிடலாம். இராமேசுவரமோ மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில் உள்ளது, சாலை வழியே மூன்று மணி நேரத்திற்கும் மேலாகும். தீவையும் நிலப்பகுதியையும் இணைப்பவை இரண்டு பாலங்களே. 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் ஒன்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்திற்கு மாற்றாக, 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் மற்றொன்று. காற்றின் வேகம் குறிப்பிட்ட வரம்பை மீறினால் ரயில்கள் பாலத்தைக் கடக்க அனுமதிக்கப்படுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், புயல் எச்சரிக்கையால் பயணம் ஓரிரு நாள் தடைப்படுவதும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடி நகரையே அழித்ததையும், பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் விழுங்கியதையும் நம் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர்.

ஆகவே, இரண்டு நாள் பயணத்திற்கு இரண்டு நாள் மருந்து மட்டும் கொண்டுசெல்வது போதாது. குறைந்தது மூன்று நாட்களுக்கான மருந்து மிகுதியாகக் கையில் இருத்தல் வேண்டும்.

யார் ஒத்திவைக்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டோர், இதய அறுவை அல்லது வேறு பெரிய அறுவை செய்துகொண்டோர், பக்கவாதத்திலிருந்து மீண்டுவருவோர் ஆகியோர் தம் மருத்துவர் ஒப்புதல் அளிக்கும் வரை பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். படுத்தால் மூச்சுத்திணறல், நாளுக்கு நாள் மிகும் கால் வீக்கம், காய்ச்சல், ஆறாத பாதப் புண் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். புற்றுநோய்க்கான மருந்தேற்றம் செய்துகொள்வோருக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அமாவாசைக் கூட்டத்தை அவர்கள் கட்டாயம் தவிர்த்தல் நலம். டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஒரு டயாலிசிஸ் முடிந்த மறுநாள் புறப்பட்டு அடுத்ததற்கு முன் திரும்பிவிடுமாறு பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மருந்துப் பை

மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைத்து வண்டியின் கூரையிலோ பின்புறத்திலோ ஏற்ற வேண்டாம், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு, அண்மைய இ.சி.ஜி. ஆகியவற்றின் நகல்களையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் அதே பையில் வையுங்கள். நோயாளரின் நோய்கள், ஒவ்வாத மருந்துகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நோயாளரின் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைப்பது மிகவும் பயன்படும். கூட்டத்தில் ஒருவரையொருவர் பிரிந்துவிட்டால் அத்தாளே அவருக்காகப் பேசும்.

இன்சுலின் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பியை, கடும் வெப்பம் இல்லாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வரை வெளியே வைத்திருக்கலாம். ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் அது விரைவில் வீரியம் இழக்கும். பனிக்கட்டியின் மேல் நேராக வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின் பயனற்றது. ஈரத் துணி சுற்றிய சிறு மண்கலயத்திற்குள், நீர் படாதவாறு உறையிலிட்டு வைத்தால் போதிய குளிர்ச்சி கிடைக்கும்.

வழியில்

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகச் செல்லும் ரயில் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நோயாளர்களுக்கும் முதியோருக்கும் பேருந்தைவிட ரயிலே ஏற்றது. கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கவும் இயலும். மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து சில அடிகள் நடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறைவதைத் தவிர்க்கலாம்.

'நீர் மாத்திரை' உட்கொள்ளும் பலர், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சிப் பயண நாளில் அதை நிறுத்திவிடுகின்றனர். இதயம் தளர்ந்தோருக்கு இது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடும். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. உட்கொள்ளும் நேரத்தை மாற்றிக்கொள்ள இயலுமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள்.

நீர்க்கடனும் நோன்பும்

தர்ப்பணம் முடியும் வரை உணவு கொள்ளாதிருப்பது வழக்கம். சர்க்கரை நோயாளர் காலையில் வழக்கம்போல் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, உணவை மட்டும் நண்பகல் வரை தள்ளிப்போடுவதே இப்பயணத்தின் பெரும் ஆபத்துகளுள் ஒன்று. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் தோன்றும். கவனியாவிட்டால் மயக்கம் வரும். கடற்கரை வெயிலில் வியர்வையை யாரும் பெரிதாக எண்ணமாட்டார்கள் என்பதால் இது மறைந்தே வளரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் குளுக்கோமீட்டரில் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அன்றைய மருந்தளவை எவ்வாறு மாற்றுவது என்பதை நோயாளர் தாமாக முடிவு செய்யாமல், புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தீர்த்தமும் பாதமும்

அக்கினி தீர்த்தக் கடலில் நீராடி, ஈர உடையோடு ஆலயத்தினுள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடுவது மரபு. ஒவ்வொரு கிணற்றருகிலும் வாளி வாளியாக நீர் ஊற்றப்படுவதால் கல் தளம் எந்நேரமும் நனைந்திருக்கும். எலும்பு தேய்ந்த முதியோர் ஒருமுறை வழுக்கி விழுந்தாலும் இடுப்பு எலும்பு முறியக்கூடும். அதன்பின் மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க நேரும். முதியவருக்கு ஒருவர் என்று கையைப் பிடித்து நடத்திச் செல்லுங்கள். இயலாதோர் தலையில் சிறிது நீர் தெளித்துக்கொண்டால் போதும் என்று குடும்பத்தார் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. நீராடியதும் உலர்ந்த உடைக்கு மாறுவது ஆஸ்துமா உள்ளோருக்கு இன்றியமையாதது.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். சுடுகின்ற கல்லும் மணலும் உங்கள் பாதத்தைச் சுடுவதை நீங்கள் உணரமாட்டீர்கள். கொப்புளம் எழும், உடையும், சீழ் பிடிக்கும். வலி இல்லாததால் வீடு திரும்பிச் சில நாள் சென்ற பின்னரே கண்ணில் படும். விரலையோ காலையோ அகற்ற நேர்ந்த பலரின் கதை இத்தகைய சிறு கொப்புளத்தில்தான் தொடங்கியிருக்கிறது. ஆகவே விடியற்காலையிலேயே வழிபாட்டை முடித்துக்கொள்ளுங்கள். வாயில் வரை காலணியோடு செல்லுங்கள். கடற்கரையில் காலணியைக் கழற்றவே வேண்டாம். ஒவ்வோர் இரவும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடைத்து, உள்ளங்காலை உடன் வந்தவர் ஒருவர் பார்க்கட்டும். ஏற்கெனவே திறந்த புண் உள்ளோர் கடலில் இறங்கலாகாது. கடல்நீரில் வாழும் சில நுண்ணுயிரிகள், சர்க்கரை நோயாளருக்கும் கல்லீரல் நோயாளருக்கும் கொடிய தொற்றை உண்டாக்கக்கூடியவை.

உணவும் நீரும்

தீவின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ மூடி பிரிக்கப்படாத புட்டி நீரையோ மட்டும் பருகுங்கள். வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகுவது நல்லது. எனினும், நீரின் அளவைக் கட்டுப்படுத்துமாறு கூறப்பட்ட இதய, சிறுநீரக நோயாளர்கள் அந்த அளவை மீறலாகாது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் நமக்கு இளநீர் மருந்தாகவே தோன்றும். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது நஞ்சாகலாம்.

பாம்பன், மண்டபம் பகுதிகளில் கருவாடு வாங்கிவருவோர் பலர். கருவாட்டில் உப்பு மிகுதியாதலால், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் அதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் மற்றவருக்காகச் சமைக்கும் குழம்பில் நோயாளருக்கும் பங்கு போய்விடாமல் பார்த்துக்கொள்வது சமைப்பவரின் பொறுப்பு.

தனுஷ்கோடிக்குச் செல்வோர்

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை இப்போது சாலை உள்ளது. தொலைவு ஏறத்தாழ 20 கி.மீ. அங்கே நிழல் குறைவு. அவசர மருத்துவ வசதியை அங்கு எதிர்பார்க்க இயலாது. கைபேசித் தொடர்பையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். இதய நோயாளர் காலை வேளையில், குடையும் நீரும் மருந்துப் பையும் உடன் கொண்டு, வண்டியைவிட்டு நெடுந்தொலைவு நடக்காமல் பார்த்துத் திரும்புவது நலம். பாக் நீரிணைப்பும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் அவ்விடத்தில் நீரோட்டம் வலியது. உடல்நலம் மிக்கோரும் அங்கே கடலில் இறங்கலாகாது.

அவசர வேளையில்

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு மூச்சுத்திணறல் தோன்றினால், 'ஊருக்குப் போய் நம் மருத்துவரிடமே காட்டிக்கொள்ளலாம்' என்று புறப்பட வேண்டாம். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். சோழவந்தான் திரும்பும் நேரத்திற்குள் அவ்வாய்ப்பு கைநழுவிப் போகும். 108-ஐ அழையுங்கள்; அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலுதவிக்கு இராமேசுவரம் அரசு மருத்துவமனை உள்ளது. மேல்சிகிச்சைக்கு ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அங்கே மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்விகளுக்கு உங்கள் மருந்துப் பையில் உள்ள தாள்கள் விடை கூறும். எங்களுக்குப் பிறகு தொலைபேசியில் தெரிவித்தால் போதும்.

பயணத்திற்கு ஒரு வாரம் முன்னதாக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்து இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, பாதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். நோன்பு நாளுக்குரிய மருந்தளவையும் கேட்டு எழுதிப் பெறுங்கள். திரும்பி வந்த ஒரு வாரத்திற்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கால் வீக்கமோ பாதத்தில் சிறு கொப்புளமோ தோன்றினால், அடுத்த சோதனை நாள் வரை காத்திராமல் அன்றே வாருங்கள்.