கடனோடு ஒட்டி வந்த காப்பீடு: கேட்டவர்களுக்குத் திரும்பி வந்த பணம்



போன மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு குழுப் பிரதிநிதி ஒரு கடன் அட்டையைக் கொண்டு வந்தார். அவர் குழு உறுப்பினர் ஒருவர் வெளியே ஒரு நிறுவனத்தில் வாங்கிய கடன் அது. அட்டையில் 40,000 ரூபாய் என்று இருந்தது. ஆனால் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. எங்கே போச்சு என்று பார்த்தால், ஓரத்தில் 'காப்பீடு' என்று ஒரு தொகை.

அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "பத்து இடத்துல கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். இன்சூரன்ஸ் இருக்கு, பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. உடம்புக்கு முடியாமப் போனா அது கட்டிடும்னு நெனச்சேன்" என்றார். அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. தவணை நின்றுவிட்டது. விசாரித்தால், அந்தக் காப்பீடு கடன் வாங்கியவர் இறந்தால் மட்டும்தான் பணம் கொடுக்குமாம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"படிக்காத நம்மளத்தான் இப்படி ஏமாத்துறாங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை சகோதரிகளே. நன்றாகப் படித்தவர்கள் நிறைந்த இங்கிலாந்திலேயே இது லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்தது. ஆனால் அவர்கள் கேட்டார்கள், பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கதை நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அது என்ன காப்பீடு?

பிரிட்டனில் வீட்டுக் கடன், சொந்தக் கடன், கிரெடிட் கார்டு என்று எதை வாங்கினாலும் கூடவே ஒரு காப்பீட்டை விற்றார்கள். அதற்குப் பெயர் கடன் தவணைப் பாதுகாப்புக் காப்பீடு. சுருக்கமாக பி.பி.ஐ. என்பார்கள். நோய் வந்தாலோ, விபத்து நடந்தாலோ, வேலை போனாலோ சில காலத்துக்குத் தவணையை அந்தக் காப்பீடு கட்டும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. சிலருக்கு உதவியும் செய்தது. விற்ற முறையில்தான் கோளாறு.

எப்படி விற்றார்கள்?

"இதை எடுத்தால்தான் கடன்" என்று சிலரிடம் சொன்னார்கள். அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. சிலரிடம் சொல்லாமலே சேர்த்துவிட்டார்கள். சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர், வேலையில்லாதவர் ஆகியோருக்கும் விற்றார்கள். வேலை போனால் பணம் என்கிற காப்பீடு, வேலையே இல்லாதவருக்கு எதற்கு? ஏற்கெனவே நோய் இருந்தவர்களுக்கும் விற்றார்கள். அந்த நோய்க்குப் பணம் கிடையாது என்ற வரி பொடி எழுத்தில் இருந்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. முழு பிரீமியத்தையும் முதல் நாளே கடனோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது கடனுக்கும் வட்டி, காப்பீட்டுப் பணத்துக்கும் வட்டி. இப்படி விற்ற காப்பீடுகள் 6 கோடியே 40 லட்சம் வரை இருக்கலாம் என்று பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் சொன்னது.

ஒரு அம்மாவின் வழக்கு

2006-ல் ப்ளெவின் என்ற அம்மா 34,000 பவுண்டு கடன் வாங்கினார். கணவரை இழந்தவர். கல்லூரியில் பாடம் நடத்துபவர். 10 வருடக் கடனோடு 5 வருடக் காப்பீடு ஒன்றையும் கொடுத்தார்கள். பிரீமியம் 5,780 பவுண்டு. அதில் 71.8 சதவீதம் கமிஷனாகப் போனது. அதாவது 100 பவுண்டு கட்டினால் காப்பீட்டுக்குப் போனது 30-க்கும் குறைவு. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் நீதிமன்றம் போனார். 2014 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்தது நியாயமற்றது என்று சொன்னது. அதன் பிறகு, கமிஷன் பாதிக்கு மேல் இருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பாதிக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு பெண் விடாமல் கேட்டதால் பல பேருக்கு வழி பிறந்தது.

பணம் எப்படித் திரும்பியது?

2005-ல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு இதைப் பெரிய புகாராகக் கொண்டுபோனது. 2010 டிசம்பரில் புது விதிகள் வந்தன. வங்கிகள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2011 ஏப்ரலில் தோற்றன. அதற்குப் பிறகு பணம் கொடுக்க ஆரம்பித்தன. புகார் செய்ய 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். அந்த நாள் முடிந்தபின் பொதுவாகப் புகார் எடுப்பதில்லை. மொத்தம் திரும்பிய பணம் 3,800 கோடி பவுண்டுக்கும் மேல்.

முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். வங்கி மறுத்தால் நிதி ஓம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை. அப்படி இருந்தும் "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று இடைத்தரகு நிறுவனங்கள் நிறையக் கிளம்பின. வந்த பணத்தில் நான்கில் ஒரு பங்கு, அதற்கும் மேல் என்று எடுத்துக்கொண்டார்கள். 2018-ல்தான் 20 சதவீதமும் அதன்மேல் வரியும் மட்டும் என்று உச்சவரம்பு வந்தது. ஒரு கடிதம் எழுதத் தயங்கியதால் போன பணம் அது.

திரும்பிய பணத்துக்கு வரியா?

இங்கேதான் பலர் குழம்பினார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக நாங்கள் போட்ட கணக்கு இது.

ஒருவர் காப்பீட்டுக்குக் கட்டியது 1,000 பவுண்டு. அதன்மேல் கட்டிய வட்டி 300. மொத்தம் 1,300. இது அவருடைய சொந்தப் பணம். திரும்பி வந்தால் வருமானம் ஆகாது. இதற்கு வரி இல்லை.

இந்தப் பணம் இத்தனை நாள் அவரிடம் இல்லாததற்கு ஈடாக வருடத்துக்கு 8 சதவீதம் தனி வட்டி கொடுத்தார்கள். 5 வருடம் என்று வைத்தால் 1,300-க்கு 520 பவுண்டு. இது சேமிப்பு வட்டி போல வருமானம். இதற்குத்தான் வரி உண்டு.

வங்கிகள் பெரும்பாலும் இந்த வட்டியில் 20 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தன. 520-ல் 104 போய்விடும். கைக்கு வருவது 1,300-ம் 416-ம் சேர்த்து 1,716.

ஆனால் 2016 ஏப்ரலில் இருந்து அங்கே அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை சேமிப்பு வட்டிக்கு வரி கிடையாது. அதற்கு மேல்நிலை விகிதத்தில் கட்டுபவருக்கு 500 பவுண்டு. ஆக, அந்த வருடம் வேறு வட்டி அதிகம் வராத ஒருவர், பிடித்த 104 பவுண்டைத் திரும்பக் கேட்கலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பெண்களிடமும் இந்த 20 சதவீதம் பிடிக்கப்பட்டது. அவர்களும் கேட்கலாம். அதற்கு வரித்துறையின் ஆர்40 என்ற படிவம் இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, வட்டி பல வருடத்துக்கு உரியது என்றாலும், பணம் கைக்கு வந்த வருடத்தின் வருமானமாகத்தான் எடுப்பார்கள். அதனால் பெரிய தொகை வந்தவர்களுக்கு அந்த 1,000 வரம்பு தாண்டியும் போனது. இரண்டு, அந்த வரி ஆண்டு முடிந்து 4 வருடத்துக்குள் கேட்க வேண்டும். 2019-20 வரி ஆண்டில் பணம் வாங்கியவர்களுக்கு 2024 ஏப்ரல் 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. கேட்காதவர்கள் பணம் அரசாங்கத்திடமே நின்றுவிட்டது.

இந்த வரிப் பணத்தை வாங்கித் தரவும் தரகர்கள் வந்தார்கள். என்னவென்று தெரியாமலே வரிப்பணத்தின் உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. 2023-ல் அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சட்டம் கொண்டு வந்தார்கள். காப்பீட்டிலும் புரியாமல் கையெழுத்து, அதைத் திரும்ப வாங்குவதிலும் புரியாமல் கையெழுத்து!

நமக்கு என்ன இருக்கிறது?

காப்பீடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பிள்ளைகள் தலையில் கடன் விழாமல் காப்பது நல்ல காப்பீடுதான். எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று தெரிந்து, நாமாகச் சம்மதித்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடனுக்கு விதிகள் போட்டது. கடனோடு காப்பீடு போன்றவற்றைக் கொடுத்தால் வாங்குபவரின் முழுச் சம்மதம் வேண்டும், அதற்கான கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே காட்ட வேண்டும் என்கிறது. கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

கூட்டத்தில் செய்ய வேண்டியவை:

1. வெளியே கடன் வாங்கிய ஒவ்வொருவரும் கடன் அட்டையை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கடன் தொகை, கைக்கு வந்த தொகை, காப்பீடு என்று பிடித்த தொகை மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

2. காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு, எதற்குப் பணம், நாமினி யார் என்று படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும்.

3. ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள தனிநபர் ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீடு என்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். 2024 ஏப்ரலில் இருந்து இந்த விதி. சிறு கழிவுகள் போக மீதிப் பணம் வரும்.

4. குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கடன் கொடுத்த வங்கி மேல் குறை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அதுவும் இலவசம்.

5. நம் ஊரிலும் வங்கி வட்டியில் வரி பிடித்திருந்து, உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வராது என்றால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பாஸ்புத்தகத்தில் அப்படி ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. "நான் வாங்கித் தர்றேன், பாதி கொடு" என்று யாராவது வந்தால், கூட்டமைப்பைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாம் முதலில் சொன்ன அக்காவுக்காக, அவருக்குச் சொல்லாமல் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல குழுவின் எழுத்தர் எழுதினார். அந்த அக்காவே நேரில் போய்க் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகையை வாங்கி வந்தார். "இவ்வளவு நாளா கையெழுத்து போட்டேன், இன்னைக்குத்தான் கையெழுத்து வாங்கினேன்" என்றார்.

பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறோம். அதற்குள் உங்கள் கடன் அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள்.