டிடக்டிபிள்: கூட்டலாமா, குறைக்கலாமா?

உங்களுக்குத் தெரியுமா?

ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவு, கவரேஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். டிடக்டிபிள் எவ்வளவு என்று பலர் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரி பில்லில் நம் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

● டிடக்டிபிள் 1 லட்சம். க்ளெய்மில் ஏற்கப்பட்ட பில் 4 லட்சம். முதல் 1 லட்சம் உங்கள் பொறுப்பு, மீதி 3 லட்சம் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. பில் 90,000 ரூபாயில் முடிந்துவிட்டால் முழுவதையும் நீங்கள்தான் கட்டவேண்டும். இந்தச் சுமையை நீங்கள் ஏற்பதால்தான் பிரீமியம் குறைகிறது.

● டிடக்டிபிளும் கோ-பேயும் ஒன்றல்ல. கோ-பே 20 சதவிகிதம் என்றால், 2 லட்சம் ரூபாய் பில்லுக்கு உங்கள் பங்கு 40,000. 10 லட்சம் ரூபாய் பில்லுக்கு 2 லட்சம். பில் ஏற ஏற கோ-பேயும் ஏறும். டிடக்டிபிள் ஏறாது. பாலிசியில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

● டிடக்டிபிளைத் தாண்டிய செலவை ஏற்கும் கூடுதல் பாலிசிகள்தான் ‘டாப்-அப்’, ‘சூப்பர் டாப்-அப்’. இரண்டுக்கும் பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். பணத்தில் லட்சக்கணக்கில் வித்தியாசம். டிடக்டிபிள் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கு ஒரு சிகிச்சை, 4 லட்சத்துக்கு இன்னொன்று. டாப்-அப் பாலிசி ஒவ்வொரு க்ளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் அந்த ஆண்டின் செலவுகளைக் கூட்டிப் பார்க்கும். 7 லட்சத்தில் 2 லட்சம் கிடைக்கும்.

● டிடக்டிபிளைக் கைக்காசிலிருந்துதான் கட்டவேண்டும் என்றில்லை. வேலை பார்க்கும் கம்பெனி 5 லட்சத்துக்கு குரூப் பாலிசி தந்திருந்தால், 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப்பை அதன்மேல் எடுக்கலாம். முதல் 5 லட்சத்தை கம்பெனி பாலிசி ஏற்கும். ஆனால், வேலையை விட்டால் அந்த பாலிசியும் போய்விடும். அந்த 5 லட்சம் உங்கள் தலையில் விழும்.

● எது லாபம் என்பதை ஒரு வகுத்தலில் கண்டுபிடிக்கலாம். உதாரணமாக, டிடக்டிபிள் இல்லாத பாலிசிக்கு ஆண்டு பிரீமியம் 24,000. 50,000 டிடக்டிபிள் உள்ளதற்கு 17,000. மிச்சம் 7,000. ஐம்பதாயிரத்தை ஏழாயிரத்தால் வகுத்தால் ஏழு ஆண்டுக்குச் சற்று மேல் வரும். அதற்குள் ஒரு பெரிய பில் வந்தாலே மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பழைய பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

● அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை ஒரு பெரிய சோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு மருத்துவம் இலவசம். மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கட்டவேண்டும். கட்டவேண்டியிருந்தவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையும் குறைந்தது. பெரும்பாலானவர்களின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை. ஆனால், ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவச மருத்துவமே நல்ல பலன் தந்தது. கையில் பணமில்லாதவர் உயர்ந்த டிடக்டிபிளை எடுத்தால் சிகிச்சையையே தள்ளிப்போடுவார் என்பதுதான் இதிலுள்ள எச்சரிக்கை.

● சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே பெரியவர்களுக்கு 300 ஃபிராங்க் முதல் 2,500 ஃபிராங்க் வரை ஆறு டிடக்டிபிள் படிகள் உண்டு, விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். நெதர்லாந்தில் 385 யூரோ டிடக்டிபிள் கட்டாயம். ஆனால், குடும்ப மருத்துவரைப் பார்க்க அது பொருந்தாது. காசுக்குப் பயந்து யாரும் முதல் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாதல்லவா!

● இளம் வயதில் உயர்ந்த டிடக்டிபிள் எடுத்துவிட்டு, நோய் வந்தபின் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் புதிதாக ஆராயக்கூடும். சில பாலிசிகளில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு டிடக்டிபிளை நீக்கும் வசதி உண்டு. வாங்கும் முன்பே கேளுங்கள்.

● பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள், நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குள் டிடக்டிபிள் வரியைத் தேடிப் படியுங்கள்.

சேமிப்பும் கம்பெனி பாலிசியும் உள்ள இளையவருக்கு உயர்ந்த டிடக்டிபிள் பொருந்தும். வயதான பெற்றோருக்கும், நாள்பட்ட நோய் உள்ளவருக்கும், சேமிப்பு இல்லாதவருக்கும் குறைந்ததே நல்லது. நாளைக் காலையே ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொன்னால், கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல் எவ்வளவு கட்ட முடியுமோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட டிடக்டிபிள் வைக்காதீர்கள்!