கலாநிதிகளின் கணக்கு

‘கலாநிதி’ என்பது அழகான சொல். கலைகளின் புதையல் என்பது அதன் பொருள். ஈழத்துப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் பட்டத்தை இச்சொல்லாற் குறிப்பிடுகின்றோம். தமிழ்நாட்டார் ‘முனைவர்’ என்பர். முனைந்து முடித்தவர் என்று கொண்டால் அதுவும் பொருத்தமே. ஆயினும், நிதி என்று பெயரிட்டபின் அரசாங்கம் அதற்குக் கணக்குக் கேட்பது இயல்பன்றோ?

ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் உண்மையாகவே கேட்கின்றது. 1957-58 கல்வியாண்டு தொடக்கம் ஆண்டுதோறும், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டம் பெறும் ஒவ்வொருவரிடமும் ஒரு வினாக்கொத்து நீட்டப்பட்டு வந்துள்ளது. சிலரைப் பொறுக்கியெடுத்துக் கேட்கும் மாதிரிக் கணிப்பன்று இது. குடிசன மதிப்பைப் போல அனைவரையும் கேட்பது. விடையளிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. எனினும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் விடை எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. இதனை முன்னின்று நடத்தி வந்தது அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம். தாள்களைத் தொகுத்து எண்ணும் வேலையை முதல் நாற்பது ஆண்டுகள் தேசிய ஆராய்ச்சிக் கழகம் செய்தது. 1997 அளவில் அவ்வேலை சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையமொன்றின் கைக்கு மாறிற்று.

தொடங்கிய காலத்தைக் கவனித்தல் வேண்டும். அக்கல்வியாண்டு பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானேறிற்று. மறு ஆண்டிலே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. உயர் ஆராய்ச்சி மாணவருக்கு அரசாங்கப் பணம் பாயலாயிற்று. படைக்கலங்களை எண்ணுவது போலவே படித்தவர்களையும் எண்ண வேண்டியதாயிற்று. யேல் பல்கலைக்கழகம் 1861ஆம் ஆண்டில் மூவருக்கு இப்பட்டம் அளித்ததே அமெரிக்காவில் அதன் தொடக்கம். 1958இல் பெற்றோர் 8,773 பேர். 1973இல் 33,000க்கு மேல். 2022இல் 57,596. இவ்வெண்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரும் பதிவேடு 1920 வரை பின்னோக்கிச் செல்கின்றது. வினாக்கொத்து இல்லாத அந்த முந்திய ஆண்டுகளுக்கு, பட்டமளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள் போன்ற பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்தனர். அப்பொறுமையை நான் மதிக்கின்றேன்.

யார் கணக்கிற் சேர்வார் என்பதும் எளிய வினாவன்று. வைத்தியரும் சட்டத்தரணியும் பெறும் தொழிற் பட்டங்கள் இதிற் சேரா. சுயமான ஆராய்ச்சியும் அதன் பயனான ஆய்வேடும் வேண்டும். கல்வியியலில் வழங்கப்பட்ட ஒருவகைக் கலாநிதிப் பட்டத்துக்குரிய பயிற்சிநெறிகள் பலவற்றை, ஆராய்ச்சியைவிடத் தொழிற் பயிற்சியே அவற்றில் மிகுதி என்று கண்டு, 2010ஆம் ஆண்டையொட்டிக் கணக்கினின்றும் நீக்கினர். மொத்த எண் சரிந்தது. நாட்டிலே கல்வி சரிந்துவிடவில்லை, வரைவிலக்கணந்தான் மாறிற்று. அட்டவணைகளைப் படிக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அவ்வினாக்கொத்தை நானும் நிரப்பியவன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மத்திய மேற்கு மாநிலமொன்றில் மொழியியல் பயின்று முடித்தபொழுது, ஆய்வேட்டை ஒப்படைக்கும் அலுவலகத்தில் அதனைத் தந்தார்கள். ஆய்வேட்டின் பக்க ஓரம் சரியா என்று அளவுகோல் வைத்துப் பார்த்த அம்மையாரே இதனையும் நீட்டினார். எந்நாட்டுக் குடியுரிமை, எப்பொழுது உயர்கல்வியைத் தொடங்கினீர், இடையில் எத்தனை காலம் விட்டிருந்தீர், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, மணமானவரா, தங்கிவாழ்வோர் எத்தனை பேர், அடுத்த ஆண்டு எங்கே வேலை என்றெல்லாம் கேள்விகள். மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். தாயின் கல்வி யாது என்ற இடத்திற் பேனா நின்றது.

என் தாயார் ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். கல்வி குறைந்தோருக்கென இருந்த கட்டத்திற் புள்ளடியிட்டேன்; உண்மை அதுவே. ஆயினும் எங்கள் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனம் நிகழும் நாள்களில், பயன் சொல்பவர் ஒரு சொல்லுக்குப் பொருள் வழுவிச் சொன்னால், தூணோரம் இருந்தபடி மெல்லத் தலையசைத்து மறுப்பவர் அவர். அத்தலையசைப்பைக் கண்டு மீண்டும் பாட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்ட புலவரும் உளர். மொழியின்மேல் எனக்குப் பிறந்த ஆசைக்கு அதுவே ஊற்று. அக்கட்டத்துக்கு இதுவெல்லாம் தெரியாது. ஆனால் அதற்காக அக்கேள்வியைக் குறைசொல்ல நான் வரவில்லை. பட்டதாரிகளின் பிள்ளைகளே மீண்டும் கலாநிதிகளாகின்றனரா, அன்றி எழுத்தறிவு குறைந்த வீடுகளிலிருந்தும் வருகின்றனரா என்பதை வேறெவ்வாறு அறிவது? ஐம்பதினாயிரம் தாய்மாரை ஒருங்கே நோக்க வேண்டுமாயின் ஒவ்வொரு தாயும் ஒரு புள்ளியாதல் தவிர்க்க முடியாதது.

மொத்த எண் மறைப்பதைப் பிரித்த எண் காட்டும் என்பதற்கு ஒரு சான்று. 1973க்குப் பின் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் அமெரிக்கக் கலாநிதிகளின் தொகை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. மேலோட்டமாகப் பார்ப்போர் ஒன்றும் நிகழவில்லை என்பர். உள்ளே நிகழ்ந்தது பெரும் மாற்றம். ஆடவர் தொகை ஆண்டுக்காண்டு குறைய, பெண்கள் தொகை ஏறக்குறைய அதே அளவு ஏறிக்கொண்டு வந்தது. 2002ஆம் ஆண்டில், அந்நாட்டுக் குடிகளும் நிரந்தர வதிவோருமாகிய கலாநிதிகளுள் பெண்களே பெரும்பான்மையினராயினர்.

இனி, இவ்வெண்களை நம்பி எதிர்காலம் சொன்னவர் கதை. அறுபதுகளின் நடுவில், பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர் போதாமற் போகும் என்று அமெரிக்கா முழுவதும் அஞ்சியது. பொருளியலாளர் அலன் கார்ட்டர் 1965ஆம் ஆண்டிலேயே கலாநிதிகளின் தொகையை நிதானமாகப் பரிசீலித்து, பஞ்சமன்று, மிகுதியே வரப்போகின்றது என்று எழுதினார். எழுபதுகளில் அது அவ்வாறே நிகழ்ந்தது. 1989இல் வில்லியம் போவன், யூலி ஆன் சோசா என்னும் இருவர் அதே வகை எண்களைக்கொண்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சிறப்பாகக் கலைத்துறைகளில், ஆசிரியப் பஞ்சம் தோன்றும் என்று கணித்தனர். அவர்கள் அசட்டையாகக் கணித்தவரல்லர். ஆயினும் பல்கலைக்கழகங்கள் வெற்றிடங்களைப் பகுதிநேர விரிவுரையாளரைக்கொண்டு நிரப்பலாயின; 1994 முதல் பேராசிரியர்க்கு வயதெல்லை ஓய்வும் கட்டாயமில்லை என்றாயிற்று. பஞ்சம் வரவேயில்லை. அக்கணிப்பை நம்பி வரலாறும் இலக்கியமும் பயிலப் புகுந்தோர் பலர் முப்பத்தைந்து வயதில் மணித்தியாலக் கூலிக்குப் பாடஞ்சொல்லித் திரிந்தனர். என்னோடு பயின்றவருள்ளும் அத்தகையோர் உளர்.

அதே போவன், 1991இல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை என் மனத்துக்கு உகந்தது. கலாநிதிப் பட்டத்துக்கு எடுக்கும் காலம் நீண்டுகொண்டே போகின்றதென்று அக்காலத்திற் பெருங்கூச்சல் இருந்தது. அக்கூச்சலில் ஒரு பகுதி எண்ணின் மாயம் என அவர்கள் காட்டினர். ஓர் ஆண்டிற் பட்டம் பெறுவோரைப் பார்த்து, அவர்கள் எடுத்த காலத்தைக் கணக்கிடுகின்றோம். புதிதாகச் சேர்வோர் தொகை சுருங்கிவரும் காலத்தில், விரைவாக முடிக்கும் இளையோர் குறைவர். முன்பு பெருங்கூட்டமாகச் சேர்ந்து மெல்ல முடிப்போரே அவ்வாண்டில் மிகுந்து தோன்றுவர். எவரும் முன்னையிலும் மந்தமாகாமலே சராசரி ஏறிவிடும்.

அந்தரங்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தனியாள் விடைகளை வெளியிடலாகாது என்பது சட்டம். ஒரு துறையில், ஓர் ஆண்டில், ஓர் இனத்துப் பெண் ஒருத்தியே பட்டம் பெற்றிருப்பின், அட்டவணையில் உள்ள ‘1’ என்னும் இலக்கமே அவளை அடையாளங் காட்டிவிடும் அல்லவா? எனவே 2006ஆம் ஆண்டுக்குரிய அட்டவணைகளில் இத்தகைய சிற்றெண்களை மறைத்தனர். கறுப்பினத்தாரையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் விஞ்ஞானத் துறைகளுக்குக் கொணரப் பாடுபட்டோர் கொதித்தெழுந்தனர். பௌதிகத்தில் எங்கள் பிள்ளைகள் இருவரா, ஒருவரா, ஒருவருமில்லையா என்பதே நாங்கள் கேட்கும் கேள்வி. மறைத்துவிட்டால் இல்லாமையையும் சேர்த்தன்றோ மறைக்கின்றீர்கள் என்றனர். மன்றம் அவர்களோடு கலந்து பேசி அட்டவணைகளின் அமைப்பை மாற்றியது. என் சார்பு அக்குறைகூறினோர் பக்கமே. கூட்டத்தில் ஒருவராய் இருப்பவருக்கு அந்தரங்கம் பாதுகாப்பு. தனியொருவராய் நிற்பவருக்கோ எண்ணப்படுதலே முதற் பாதுகாப்பு.

இவ்வளவு நுணுக்கமான கணிப்பிலும் ஒரு சாரார் இடம்பெறுவதில்லை. வினாக்கொத்து பட்டம் பெறுபவர் கைக்கு மட்டுமே வருகின்றது. இடையில் விட்டுச் சென்றோரிடம் அதனை நீட்டுவோர் இலர். அவர்களைப் பற்றி அறிய வேண்டியிருந்தது பல்கலைக்கழகங்களே ஒன்றுகூடி அமைத்த பட்டப்பின் கல்விப் பேரவையின் ஆய்வொன்றிலிருந்து. 2008இல் வெளியான அதன் முடிவு, பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் நூற்றுக்கு 57 பேரே பட்டம் பெற்றிருந்தனர் என்பது. என் அறைத் தோழர் ஒருவர், திராவிட மொழிகளின் வினையெச்சங்கள் பற்றி ஏழு ஆண்டுகள் உழைத்தவர், பெட்டி பெட்டியாகக் குறிப்பட்டைகள் வைத்திருந்தவர், மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றதும் உதவிப்பணம் நின்றுபோக ஊர் திரும்பினார். அக்குறிப்பட்டைகளுள் இரண்டு பெட்டிகளை என்னிடம் தந்துவிட்டுச் சென்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அவற்றைப் பயன்படுத்தி, நன்றியுரையில் அவர் பெயரையும் எழுதினேன்.