பர்மாவில் நகரத்தார் வட்டித்தொழிலின் விரிவாக்கம்: ஆளும் ஈடும்

வளர்ந்துவரும் தொழிலை விரிவுபடுத்த எண்ணுவோர் பெரும்பாலும் முதலீட்டைப் பற்றியே முதலில் சிந்திப்பர். கிளைகளை நடத்தும் ஆட்கள் எவ்வாறு உருவாவர், கொடுத்த கடன் எதன்மேல் நிற்கிறது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டித்தொழில் முன்னதற்குச் செம்மையான விடை கண்டது, பின்னதில் இடறியது.

கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதிக் கழிமுக அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காடு திருத்திப் பயிரிட்ட உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. செட்டிநாட்டில் இருந்த முதலாளி பல கடைகளையும் தாமே நடத்த இயலாது. எனவே 'மேலாள்' எனப்பட்ட முகவரை ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பினார். கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். அடுத்து வருபவர் அக்கணக்கைப் பார்த்தே பொறுப்பேற்க வேண்டியிருந்ததால், ஆள்மாற்றமே தணிக்கையாகவும் அமைந்தது எனலாம்.

பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின் மேலாளாக உயர்வார். பலர் அனுபவமும் சேமிப்பும் பெற்றுத் தனிக்கடை வைத்தனர். தேர்ந்த ஆள் பிரிந்து செல்வதை இன்றைய நிறுவனங்கள் இழப்பாகவே கருதும். நகரத்தாரிடையே அதுவே தொழில் பெருகும் வழியாயிற்று. அவர்கள் தமக்குள் கொடுத்து வாங்கிய பணத்திற்குரிய 'நடப்பு வட்டி', இரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவுசெய்யப்பட்டது. ஒரு கடையின் பணமுடையை மற்றொரு கடை தீர்த்தது. 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, இத்தகைய கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

ஆயின் கடைகள் பலவாயினும், அவற்றின் கடன்களுக்குப் பெரும்பாலும் ஈடாக நின்றது நெல் விளையும் நிலமே. ஊர்தோறும் கடை திறந்ததால் இடர் பகிரப்படவில்லை. ஒரே இடர் ஊர்தோறும் பரவியது. 1930இல் நெல்விலை சரிந்தபோது கடைகள் யாவும் ஒருசேர முடங்கின. ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஏற்பாடு, அனைவருக்கும் ஒரே வேளையில் முடை வந்தபோது பயன்படவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1937இல் 25 விழுக்காட்டை எட்டியது. இதனை வளர்ச்சி எனக் கொள்ளுதல் பிழை. சுழல வேண்டிய பணம் விற்கவியலா நிலமாக உறைந்தது. நிலமிழந்த உழவரின் பகையும் உடன் சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் கடைகளை விட்டு வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டம் அந்நிலங்களையும் அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்தது.