டியூஷன் எடுத்த ஃபாதர்கள்

திருப்புலிவனம் டீக்கடையில் மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பையன்களைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவன், எங்கள் தெருக்காரன், "சார், ஒரு சந்தேகம்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரகடத்தில் இவனோடு ஒரே லைனில் நிற்கும் பையன் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவனாம்.

"ஃபாதருங்க வெச்ச டியூஷன்லதான் படிச்சேன்றான் சார். அப்ப மதம் மாறிட்டியாடான்னேன். நெத்தி விபூதியக் காட்டிச் சிரிக்கிறான். காசு செலவு பண்றவங்க சும்மாவா பண்ணுவாங்க?"

நியாயமான கேள்விதான். இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் முதல் அலை. அப்புறம் 1990, 1996, 2006 என்று அங்கே சண்டை மூண்டபோதெல்லாம் வந்தார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து மாவட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 2021இல் அரசு சொன்ன கணக்கில் நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். போலீசில் பதிந்துகொண்டு வெளியே வசித்தவர்கள் இன்னொரு 34,000 பேர்.

முகாம் வீடு என்றால் பழைய கணக்கில் பத்துக்குப் பத்து. நடுவில் ஒரு சேலையைக் கட்டி இரண்டாக்கியிருப்பார்கள். சமையல், பாட்டியின் பாய், பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் அதற்குள்தான். ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்ட் வேலைக்குப் போவார்கள். நகக்கண்ணில் பிரைமர் வெள்ளை காய்ந்தபடியே இருக்கும். போனால் திரும்ப ஏழோ எட்டோ ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு உட்கார இடமில்லை, 'எழுதினியா' என்று கேட்க ஆளில்லை. அந்த நேரத்துக்குத்தான் இயேசு சபை அகதிகள் பணி என்ற அமைப்பு மாலை வகுப்பு வைத்தது. தமிழ்நாட்டில் 1990இல் தொடங்கினார்கள். பாடம் சொல்லித்தருபவர்களைப் பெரும்பாலும் வெளியே தேடவில்லை. முகாமிலேயே படித்துவிட்டு நிற்கும் அக்காக்களையும் அண்ணன்களையும் பிடித்துப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். முகாம்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளும் அப்படித்தான்.

"அதான் சார், எதுக்குப் பண்றாங்க?"

அவர்கள் வேதப்படி இயேசுவே கைக்குழந்தையாக எகிப்துக்குத் தப்பியோடியவர், அது ஒன்று. இன்னொன்று, அந்த அமைப்பை 1980 நவம்பரில் தொடங்கிய பெத்ரோ அருப்பே என்பவரின் கதை. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சாமியாரானவர். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஊருக்கு வெளியே இருந்த தன் மடத்தையே ஆஸ்பத்திரியாக்கி, வெந்துபோய் வந்தவர்களுக்கு மருந்து போட்டவர். பிறகு சபைத் தலைவரானார். வியட்நாமிலிருந்து ஜனங்கள் படகுகளில் கடலில் தத்தளித்த செய்தி வந்ததும் நம் ஆட்களும் இறங்கவேண்டும் என்றார்.

இதே படகு மக்களுக்குக் கனடாவில் இருந்த ஒரு வழி கைகொடுத்தது. சாதாரணக் குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்தோ, ஒரு சர்ச் மூலமாகவோ ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். வாடகை, குளிருக்குக் கோட்டு, பிள்ளைக்குப் பள்ளி, டாக்டரிடம் கூட்டிப் போவது என ஒரு வருஷம் அவர்கள் பொறுப்பு. 1979–80இல் அங்கே போன சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேல் இப்படிப் போனவர்கள்தான். 1986இல் அகதிகள் சேவைக்கான நான்சன் பதக்கத்தைக் கனடா மக்களுக்கே கொடுத்தார்கள். வருஷம் முடிந்து பணம் நின்ற பிறகும் இரண்டு வீட்டாரும் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வந்துபோகிறார்களா என்று பார்த்தால்தான் நட்பா இல்லையா என்பது தெரியும் என்றேன்.

பையன் விடவில்லை. அரிசி மூட்டையோடு துண்டுப் பிரசுரமும் கொடுப்பவர்கள் இல்லையா என்றான். இருக்கிறார்கள். பசித்தவனிடம் போய்ச் சாமியை விற்பது எந்த மதம் செய்தாலும் அசிங்கம் என்பது என் கட்சி. உதவி செய்யும் அமைப்புகளே இதை ஒப்புக்கொண்டு, 1994இல் செஞ்சிலுவையோடு சேர்ந்து ஒரு நடத்தை விதி எழுதின: மதத்தையோ அரசியலையோ பரப்ப நிவாரணத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு சபை அதைக் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஜெபத்துக்கு வராத வீட்டுப் பிள்ளைக்கும் டியூஷன் உண்டா? அவன் சிநேகிதனின் விபூதியே அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

மதம் பார்க்காமல் பழகுவதில் நம் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தந்தை செல்வா புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். சைவர்கள் பெரும்பான்மையான ஈழத் தமிழர்கள் அவரைத்தான் தலைவராக வைத்திருந்தார்கள். அவர் மகன் சந்திரகாசன் 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கி, அகதிகளை வைத்தே அகதிகளுக்கு வேலை செய்தார். ஜெர்மனியில் கெவேலார் என்ற ஊரின் மாதா கோயிலுக்கு 1987 முதல் ஆகஸ்டு தோறும் புலம்பெயர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். அதில் இந்துக்களும் ஏராளம். வேளாங்கண்ணிக்குப் போவதைப் போலத்தான். யாரும் மாறவும் இல்லை, மாற்றவும் இல்லை.

முகாம் வீட்டுக்குப் போனால் பால் கலக்காத பிளேன்டீ தருவார்கள். சிலர் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள். கொடுக்க மட்டும் வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உட்கார்ந்து அந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற ஃபாதர்களையும் சிஸ்டர்களையும்தான் அந்த ஜனம் 'நம்ம ஆள்' என்கிறது.

ஆனால் டியூஷனால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில், நம் பையன்களின் கம்பெனி பஸ் போகிற பக்கம், ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு குற்றத்தில் சம்பந்தமே இல்லாத முகாம் குடும்பங்கள் மீதும் கெடுபிடி இறுகியது. 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் கிறிஸ்தவர் உண்டு, இந்து உண்டு, இலங்கை இல்லை. இங்கிருந்து நாலெட்டில் இருக்கும் உத்திரமேரூரில், யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம், யார் பெயரைப் போடக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். முகாமில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு ஓட்டு இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் மட்டும், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகள்தான் என்று ஐகோர்ட் வரை போய், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. இதைச் சரிசெய்ய வேண்டியது பாராளுமன்றம். பாதிரியார் என்ன செய்வார்?

அதுவரை நம்மால் ஆவது உண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் முகாம் இருந்தால், பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தர வாரம் ஒரு மாலை வருகிறேன் என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள். கிடைத்தால், வருஷம் முடியும்வரை நிறுத்தாமல் போங்கள்.