தட்டில் உறங்கும் குரல்

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் பிறந்த ஊர் விழுப்புரம் என்பதைப் பலரும் அறிவர். ஆயின், அவர் நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' முதலிய படங்களின் வசனங்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து, விழுப்புரம், திண்டிவனம் என்றில்லாமல் தமிழகத்துத் திருவிழாப் பந்தல்களிலெல்லாம் ஒலிபெருக்கி வாயிலாக முழங்கிய காலத்தை இன்று ஸ்மரிப்போர் சிலரே.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடங்களில் முடிந்துவிடும். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, நிமிடத்துக்கு 33 முறைக்குச் சற்றே மிகுதியாகச் சுழன்ற எல்.பி. தட்டோ, பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் இடந்தந்தமையாலேயே, ஒரு திரைக்கதையின் சாரம் முழுவதும் ஒரே தட்டில் அடங்குவது சாத்தியமாயிற்று.

இத்தகைய தட்டுகளைச் சேகரிக்கும் ரசிகர்கள், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகங்களைப் போல நிமிர்த்தி வைத்து, வெப்பத்தினின்றும் தூசியினின்றும் காத்து, விளிம்பையும் நடுவிலுள்ள சீட்டையும் மட்டுமே தொட்டு எடுப்பாராயின், அரை நூற்றாண்டுக்கு முந்திய அந்தக் கர்ஜனை, ஊசி பட்ட அக்கணமே மீண்டும் உயிர்பெற்று எழும்.